ஹெட் கேஸ்கெட் மாற்றிய வாரம்

இந்நிகழ்ச்சியை எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வதில் மெக்கானிக் குற்றவாளி. மற்றொருவர் சொல்வதில் நான். ஆகவே நான் கண்ணால் கண்டவற்றையும், பின்னர் மெக்கானிக்கிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். ஊகத்துக்கு இடம் கொடுத்தால் அதை எனக்குச் சாதகமாகவே செய்துகொள்வேன் என்ற அச்சம் எனக்கு உண்டு.

அத்தை மகளின் திருமணம் வெள்ளகோவிலில் நடக்கவிருந்தது. பெண்ணைக் கைப்பிடித்து மணமேடைக்கு அழைத்துச் செல்ல வேண்டியவர் தாய்மாமனாகிய என் தந்தை. அவருக்கோ அப்போது வலக்காலில் தொடைமுதல் பாதம்வரை மாவுக்கட்டு. ஊன்றுகோலுடன் பத்தடி நடப்பார்; காலை மடக்க இயலாது. வாடகைக்கு வந்த சிறிய காரில் அமர்த்திப் பார்த்தோம். கதவு சாத்த முடியவில்லை. அவர் கால் நீட்ட இடம் தந்தது எங்கள் பழைய காரின் அகன்ற பின்னிருக்கை ஒன்றுதான். திருமணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில் அந்தக் காரின் ஹெட் கேஸ்கெட் போயிற்று.

எஞ்சினின் மேல்மூடிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே வைத்து இறுக்கப்படும் மெல்லிய தகடு அது. அது எரிந்துபோனதால் ரேடியேட்டர் நீர் எண்ணெயில் கலந்து, எண்ணெய் மோர் நிறத்தில் வந்தது.

திருப்பூர் ராயபுரத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, அது பிடிக்காமல் இத்தொழிலுக்கு மாறியவர். கேஸ்கெட் உள்ளூரில் கிடைக்கவில்லை. கோவையிலிருந்து வரவழைத்ததில் துளைகள் பொருந்தவில்லை. திருப்பி அனுப்பி, சரியானது வந்து சேர்ந்தபோது திருமணத்துக்கு ஒரே நாள்தான் மீதம். பொறுக்கமாட்டாமல் நானும் கைகொடுக்க இறங்கினேன்.

பழைய தகட்டின் பிசிறுகளைச் சுரண்டும்போது தூள் உள்ளே விழாதிருக்க, சிலிண்டர்களையும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓடும் துளைகளையும் துணியால் அடைக்க வேண்டும். வேறு ஊர்களில் எந்தத் துணியைப் பயன்படுத்துவார்களோ அறியேன். திருப்பூரில் எதற்கும் பனியன் கட்டிங் வேஸ்ட்தான். என் கம்பெனியின் வெட்டுமேசையிலிருந்து ஒரு மூட்டை நானே கொண்டுவந்திருந்தேன். பின்னல் துணி சுருங்கி எந்தத் துளைக்குள்ளும் இறங்கிவிடும். எண்ணெய் பட்டுவிட்டால் எந்நிறத் துண்டும் எஞ்சினின் கருமைதான்.

மாலையில் மெக்கானிக் கேட்டார்: "அண்ணாச்சி, எத்தன துண்டு அடைச்சிய?"

"நானுங்களா? நான் வெச்சதெல்லாம் எடுத்துட்டனுங்க."

"எண்ணலியா?"

"நீங்க எண்ணுனீங்களா?"

"வெளங்கும்!" என்று சிரித்தார். அதற்குள் என் கைப்பேசி அடித்தது. வீட்டிலிருந்து தந்தை.

"ஏங்கண்ணு, அஞ்சு நாளா அந்த எஞ்சினுக்குள்ள என்னத்தத் தேடறீங்க? புதையலா?"

"ஆச்சுங்கப்பா. மூடப்போறோம்."

மூடி இறுக்கினோம். ராயபுரத்துத் தெருக்களில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்ததில் ஒரு குறையும் தென்படவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டோம், முகூர்த்தம் ஒன்பதுக்கு. காங்கேயம் தாண்டியதும் வெப்பம் காட்டும் முள் விறுவிறுவென ஏறியது. நிறுத்தி, ஆறவிட்டு, நீர் ஊற்றி ஓட்டினேன். அரை கிலோமீட்டர் போவதற்குள் மீண்டும் நீராவி. மூன்றாம் முறை எஞ்சின் உறுமவே இல்லை. வேறு வழியின்றிக் கம்பெனி டெம்போவை வரச்சொன்னேன். சாயப்பட்டறைக்குப் போகவிருந்த துணி ரோல்களை இறக்கக்கூட நேரமின்றி அப்படியே வந்தது. ரோல்களின் மேல் தந்தையைக் கிடத்தினோம்.

வானத்தைப் பார்த்தபடி அவர் கேட்டார்: "எனக்கும் பில்லு போட்டியா? வழியில செக்கிங்காரன் நிறுத்திக் கேட்டா என்னனு சொல்லுவ? ரிஜெக்ட் பீஸுன்னா?"

டெம்போ ஓட்டுநர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மண்டபத்தில் முதல் பந்தி எழுந்துகொண்டிருந்தது. தாய்மாமன் இடத்தில் அத்தையின் சித்தப்பா மகன் நின்று பெண்ணை அழைத்துச் சென்றிருந்தார். அத்தை வாசலுக்கு வந்தார்.

"நேத்தே கெளம்பி எங்கூட்ல வந்து படுத்திருக்கலாமுங்களேண்ணா. முகூர்த்தம் காத்திருக்குமுங்களா?"

தந்தை ஊன்றுகோலை அக்குளில் வைத்து நின்றபடியே மணமக்களுக்குத் திருநீறு பூசினார்.

அடுத்த வாரம் மெக்கானிக் என்னை அருகில் நிறுத்திக்கொண்டு மூடியைக் கழற்றினார். புதிய தகடு ஓரிடத்தில் எரிந்திருந்தது. அதனருகே, பின்பக்கத்து நீர்த்துளையில், கம்பி விட்டு அவர் இழுத்தபோது பனியன் துண்டு ஒன்று வெளிவந்தது. விரல் நீளம், முழுக் கருமை.

"இது ஒங்க கையா, எங் கையா அண்ணாச்சி?" என்றார்.

பின்பக்கத்துத் துளைகளை அன்று இருவருமே அடைத்தோம். அந்தத் துளையை அடைத்தது யார் என்பது அவருக்கும் தெரியாது; எனக்கும் தெரியாது. அத்துண்டு உள்ளே இல்லாதிருந்தால் கார் வெள்ளகோவில்வரை போயிருக்குமா என்பதும் தெரியாது.