பத்துக்கு எத்தனை?

நம்பினால் நம்புங்கள், இது நிஜமாகவே நடந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில், அதுவும் பட்டப்பகலில்.

நர்ஸ் தங்கமாரிக்கு வேலை சுத்தம். மனசுதான் கல். சிசேரியன் ஆனவர்களுக்கு முதுகில் போட்ட ஊசியின் மரப்பு விட்டு வலி தெரிய ஆரம்பித்ததும், "பத்துக்கு எத்தனை வலி?" என்று கேட்பாள். என்ன சொன்னாலும் பாதியாக்கித்தான் டாக்டரிடம் சொல்வாள். எல்லாருமே கூட்டித்தான் சொல்கிறார்கள் என்பது அவளுடைய நினைப்பு.

போன மாதம் எம்.ரெட்டியபட்டியிலிருந்து செல்லக்கிளி வந்தாள். பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்தவள். அவளுக்கும் சிசேரியன்தான்.

"ஒம்பது சிஸ்டர்... வயிறு கல்லு மாதிரி இருக்கு."

"பிள்ள பெத்தா வலிக்கத்தான் செய்யும். சும்மா கெட."

டாக்டரிடம் 'நாலு' என்றாள். உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, பொழுது சாய்வதற்குள் செல்லக்கிளி போய்விட்டாள். பெற்ற பிள்ளையை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. நினைத்தாலே வயிறு எரிகிறது.

அடுத்த வாரம் ஒரு மதியம், வார்டில் சுவாதி மட்டும்தான். காலையில் ஆபரேஷன் ஆனவள். பக்கத்தில் செல்லக்கிளி கிடந்த கட்டில் காலி. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றது. கரண்டு போகவில்லை... விளக்கு எரிந்தது.

"பத்துக்கு எத்தனம்மா?"

சுவாதி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது..."

காலிக் கட்டிலிலிருந்து வந்தது குரல்.

தங்கமாரி திரும்பினாள். யாரும் இல்லை. ஆனால் மெத்தை மெல்ல... மெல்ல... அமுங்கியது.

சுரீர்!

அடிவயிற்றின் குறுக்கே கத்தி இழுத்த வலி. தரையில் சுருண்டாள்.

காதோரம் மூச்சு.

"ஒனக்கு எத்தன, சிஸ்டர்?"

"பத்து... பத்து!"

"கூட்டிச் சொல்லாத. அஞ்சுதான்."

வலி இன்னும் ஆழமாக இறங்கியது.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமே இல்லை என்றார்கள். வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான திருச்சுழிக்கே போய்விட்டாள். அங்கேயும் வலி வந்தது. தினமும் இல்லை... சில நாட்கள் மட்டும்.

கூட வேலை பார்த்த வெள்ளைத்தாய் ஒருநாள் போனில் சொன்னாள்.

"அந்தச் சுவாதிப் பிள்ளைக்கு அன்னைக்கு வலியே இல்லையாம்டி. தூக்கத்துல யாரோ ஒரு அக்கா வந்து வயித்தத் தடவி, 'ஒன் வலியக் குடு, வேற ஆளுக்கு வேணும்'னாகளாம். அதுலருந்து இங்க ஆபரேஷன் ஆன ஒருத்திக்கும் வலிக்கலடி. டாக்டருக்கே ஒண்ணும் புரியல."

தங்கமாரி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னைக்கு... ஆபரேஷன் இருக்காக்கா?"

"மூணு. மொத ஆளுக்கு இப்பத்தான் மரப்பு விடுது."