ஆறாவது டைட் எண்டும் மஞ்சள் சைக்கிளும்

ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்துக் குழு ஒரு முறைகூடத் தோற்றதில்லை. கணக்கில் சேரும் ஆட்டம் எதுவும் அந்த மாதத்தில் கிடையாது என்பதுதான் காரணம். செப்டம்பர் வந்தால் தெரியும் லட்சணம். அதுவரை விஸ்கான்சினின் இந்தக் காகித ஆலை ஊரில் எல்லோரும் அரைத் தூக்கத்தில் நடமாடுவோம். காலையில் ஆற்றின்மேல் பனி படுத்திருக்கும். ஆலைப் புகையும் அதோடு கலந்து, பாலம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. தபால்காரர் வெர்ன் என் கடிதத்தைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு, இந்த வருஷம் நமக்குத்தான் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். ஆகஸ்டில் அதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நானே கோபித்துக்கொள்வதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மயக்கத்துக்கு ஊரிலேயே பெரிய ஆள் என் தம்பி ரேண்டல் டெல்ஃபோஸ். ரேண்டி என்றால்தான் யாருக்கும் தெரியும். ஐம்பத்தோரு வயது, வழுக்கை, எப்போதும் கிரீஸ் படிந்த விரல்கள். நான் நடத்துகிற பாருக்கு அடுத்த கதவு அவனுடைய சைக்கிள் ரிப்பேர் கடை. வருஷம் முழுக்க ஈ ஓட்டுவான், ஆகஸ்டில் மட்டும் அவனுக்கு மூச்சு விட நேரமிருக்காது. பயிற்சி நாட்களில் வீரர்கள் அரங்கத்திலிருந்து மைதானத்துக்கு ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளில்தான் போவார்கள். எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பிள்ளைகள் வாசலில் சைக்கிளோடு வரிசையாக நிற்பார்கள். வீரன் ஒன்றில் ஏறிக்கொள்வான். அந்தப் பிள்ளை அவனுடைய ஹெல்மெட்டைச் சுமந்துகொண்டு கூடவே ஓடும். இருநூற்றைம்பது பவுண்டு மனிதன் பூப்போட்ட சின்ன சைக்கிளில் உட்கார்ந்தால் அது என்ன ஆகும்? ரேண்டியின் கடைக்கு வரும்.

சின்ன வயதில் அவன் சைக்கிளையும் ஒரு டைட் எண்ட் ஓட்டினான். டைட் எண்ட் என்றால் யார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன்: வரிசையின் ஓரத்தில் நிற்கிறவன். பாதி நேரம் சுவர் மாதிரி நின்று எதிரியை முட்டித் தடுக்க வேண்டும், மீதி நேரம் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். தடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், பந்தை விட்டால் ஊரே பார்க்கும். அன்று ரேண்டியின் சைக்கிளை இரண்டு கையையும் விட்டு ஓட்டினவன் ஒன்பது வருஷம் எங்களுக்காக ஆடினான். அன்று பிடித்ததுதான் என் தம்பியின் கிறுக்கு. பாரமாகவும் இருக்க வேண்டும், லேசாகவும் இருக்க வேண்டும், அவன்தான் டைட் எண்ட். சின்ன சைக்கிளை ஆடாமல் ஓட்டுகிறவன் குழுவில் நிலைப்பான், தள்ளாடுகிறவன் நிலைக்க மாட்டான் என்பது அவன் கண்டுபிடிப்பு. சிரிக்காதீர்கள். பதினெட்டு வருஷத்தில் பதினான்கு முறை அவன் சொன்னது பலித்தது. என் பார் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அதில் டைட் எண்டுகளின் பெயரை எழுதுவோம், ரேண்டி வந்து யார் யார் தேறுவார்கள் என்று குறி போடுவான். பேச்சுப் பேச்சாக இருந்தாலும் அவன் சாக்பீஸை எடுத்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

இந்த வருஷம் ஆறு பேர். மூன்று பேர்தான் தங்குவார்கள். ஜனவரியில் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் எங்கள் டைட் எண்ட் கைக்கு வந்த பந்தைக் கீழே விட்டான். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அன்றிலிருந்து ஊருக்கு வேறு நினைப்பே இல்லை, அது மட்டும் சொல்லலாம். முதல் இரண்டு பெயரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. மூன்றாவது இடத்துக்கு நாலு பேர். பலகையில் கடைசியாக எழுதின பெயர் ஏமஸ் டில்லார்ட். லூசியானாவில் ஏதோ சின்னக் கல்லூரி. எந்தக் குழுவும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. போனால் போகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள்.

பயிற்சியின் முதல் நாள் அரங்க வாசலிலிருந்து கடைசியாக வெளியே வந்தவனும் அவன்தான். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சைக்கிள், ஜோசியினுடையது. ஜோசி ரேண்டியின் மகள். பத்து வயது, ஆனால் பார்த்தால் எட்டுதான் சொல்வீர்கள், அத்தனை சின்ன உருவம். மஞ்சள் சைக்கிள், முன்னால் ஒரு கூடை. அவன் ஏறினான், முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரில் இடித்தது. ஆனாலும் ஏறுமுன் அவளிடம், எடுத்துக்கலாமா பாஸ் என்று கேட்டானாம். அவ்வளவுதான், அவளுக்குப் போதும். வேறு யாரும் அவளை பாஸ் என்று கூப்பிட்டது கிடையாது. அன்றிலிருந்து தினமும் அவள் சைக்கிள்தான், அவன் ஹெல்மெட்தான். அவன் அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள் என்பதும், அவனுக்கு எங்கள் ஊர்ச் சீஸ் பிடிக்கவில்லை என்பதும், அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும் ஜோசிக்குத் தெரிந்தது. எனக்கும் சொன்னாள். ஏமஸ் தங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கோடையில் அவளுக்கு வேறு ஆசை இல்லை.

இரண்டாம் நாள் ரேண்டி வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். ஏமஸ் குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டு போனான். ரேண்டி நேராக என் பாருக்கு வந்தான், ஈரத்துணியை எடுத்தான், ஆறாவது பெயரைத் துடைத்தான். திரும்பினால் கதவருகில் ஜோசி நிற்கிறாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் அழவில்லை. பலகையிடம் போய், துடைத்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்பா, தப்பு சைக்கிள்ல இருந்தா?”

“என்னம்மா?”

“அவரு மேல தப்பு இல்ல. சைக்கிள் சின்னது. அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?”

பதினெட்டு வருஷமாக ரேண்டியை ஒருத்தரும் கேட்காத கேள்வி அது. அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு, அந்த மஞ்சள் சைக்கிளைக் கழற்றிப் போட்டான். நீளமான சீட்டுக் கம்பி, உயரமான ஹேண்டில்பார், தடிமனான டயர். சீட்டை மூன்று இடத்தில் திருகி, இனி யாராலும் அசைக்க முடியாதபடி இறுக்கினான். மறுநாள் ஏமஸ் ஆற்றில் போகும் படகு மாதிரி ஆடாமல் அசையாமல் போனான். ரேண்டி வந்து பலகையில் பெயரைத் திரும்ப எழுதினான், பக்கத்தில் குறியும் போட்டான். துடைத்த பெயரை அவன் மறுபடி எழுதி நாங்கள் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஊர் கண்ட கனவு இருக்கிறதே. பரிசோதனை ஆட்டம் ஒன்றில் ஏமஸ் எகிறி ஒற்றைக் கையால் ஒரு பந்தைப் பிடித்தான், போதாதா? மாதா கோயில் விருந்தில் நூறு கேலன் பானையில் பூயா என்கிற எங்கள் ஊர்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கோழியும் மாட்டிறைச்சியும் காய்கறியும் குழைந்து அடையாளம் தெரியாமல் போகிறவரை துடுப்பு போட்டுக் கிண்ட வேண்டும். கிண்டுகிறவர்கள் முறை வைத்துக்கொண்டு டைட் எண்டுகளைப் பற்றியே பேசினார்கள். ஆவி அவர்கள் முகத்தை மறைத்தது, குரல் மட்டும் வந்தது. ஜனவரியில் அந்தக் கடைசிப் பந்து மறுபடி வருகிறதாம். இந்த முறை ஏமஸ் பிடிக்கிறானாம். வெர்ன் அவன் எந்தக் கையால் பிடிப்பான் என்பதுவரை சொன்னார். நானும் கையில் கிண்ணத்தோடு கேட்டுக்கொண்டே நின்றேன். பூயா ஆறிப்போனது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அந்த நாட்களில் சாயங்காலம் ஜோசி என் ஜன்னலைத் தாண்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்ப்பேன். அரங்கத்திலிருந்து இங்கே இரண்டு மைல். ஒரு நாள் முழங்காலில் பெரிய சிராய்ப்பு. என்னடி ஆச்சு என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல அத்தை. சும்மா விழுந்தேன்.”

“டயர் பஞ்சரா? அப்பனே சைக்கிள் கடை வெச்சிருக்கான், நீ தள்ளிட்டுப் போற.”

“தள்ளிட்டுப் போறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு.”

சரி, பிள்ளைகளுக்கு எத்தனையோ கிறுக்கு என்று விட்டுவிட்டேன். வறுத்த சீஸ் ஒரு தட்டு கொடுத்து அனுப்பினேன். ரேண்டியும் வேலியருகில் ஏமஸ் போவதைப் பார்த்துவிட்டு, வேன் நிறைய உடைந்த சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு கடைக்கு ஓடிவிடுவான். அவள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வருவாள் என்று நினைத்துக்கொள்வான்.

ஆட்களைக் குறைக்கும் நாள் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்குள் பட்டியல் வர வேண்டும். என் பாரில் உட்கார இடமில்லை. இரண்டே முக்காலுக்கு வெர்ன் போனைப் பார்த்துப் படித்தார். முதல் பெயர், இரண்டாவது பெயர், நாங்கள் நினைத்தவைதான். மூன்றாவது, வேறு ஒருத்தன். வெர்ன் இன்னொரு தடவை மேலிருந்து படித்துப் பார்த்தார், ஏதோ விட்டுப்போன மாதிரி. ரேண்டி எழுந்து வெளியே போனான், நானும் பின்னால் போனேன்.

கடைவாசலில் ஜோசி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஏனென்றால் தெருமுனையிலிருந்து தோளில் பையோடு ஏமஸ் நடந்து வந்துகொண்டிருந்தான். இத்தனை பக்கத்தில் அவனை நான் அன்றுதான் பார்த்தேன். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, இருபத்து மூன்று வயதுப் பையன் முகம்.

“சார், ஒரு ஸ்பேனர் கிடைக்குமா?” என்று ரேண்டியிடம் கேட்டான்.

என் தம்பி ஒன்றும் புரியாமல் எடுத்துக் கொடுத்தான். ஏமஸ் மஞ்சள் சைக்கிள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, சீட்டின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தான். மூன்றும் இறுகிக் கிடந்தன. அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

“இவளுக்குக் கால் எட்டல சார். நேத்து ஆபீஸ்ல கூப்பிடுவாங்கன்னு ஜன்னலாண்ட உட்கார்ந்திருந்தேன். அப்பதான் பார்த்தேன், சைக்கிளைத் தள்ளிட்டுப் போய்ட்டிருந்தா. இவ்வளவு நாளும் ஓட்டிட்டுத்தான் போறான்னு நினைச்சேன்.”

ரேண்டி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். தினமும் வரப் போக நாலு மைல், மூன்று வாரம்.

“சீட்டை இறக்காதீங்க,” என்றாள் ஜோசி. “நாளைக்கு உங்களைத் திரும்பக் கூப்பிட்டாங்கன்னா?”

அவன் நிமிர்ந்தான். “சைக்கிள் ரொம்ப நல்லா இருந்துச்சு பாஸ். நான் வேற எதையும் இவ்வளவு நல்லா ஓட்டினதில்ல. ஆனா பயிற்சியில பதினோரு பந்தை விட்டுட்டேன். அது இந்தக் கை பண்ணது. சைக்கிளும் ஒண்ணும் பண்ணல, நீயும் ஒண்ணும் பண்ணல.”

அவள் அப்போதுதான் அழுதாள். மூன்று வார அழுகை. அவன் அவசரப்படவில்லை. முடிகிறவரை திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு அவளை நிற்க வைத்து, இடுப்புக்குச் சரியாக அளந்து சீட்டை இறக்கினான். ரேண்டி ஓடிப்போய்ப் பரணிலிருந்து பழைய ஹேண்டில்பாரைக் கொண்டுவந்து மாட்டினான். அவசரத்தில் ஒரு திருகாணி உருண்டு போய்விட்டது, நான்தான் தேடிக் கொடுத்தேன்.

அவனை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வண்டி வந்து நின்றது. ஏமஸ் கூடையில் கிடந்த ஜோசியின் சைக்கிள் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தான். தலையில் மாட்டிவிடப் போகிறான் என்று நினைத்தேன். அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஏறு பாஸ் என்றான். அவள் ஏறினாள். அவன் தெருமுனை வரைக்கும், அங்கிருந்து திரும்பவும், அவள் ஹெல்மெட்டைச் சுமந்துகொண்டு கூடவே ஓடினான். டிரைவர் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்தான்.

வண்டி போன பிறகு ரேண்டி பாருக்குள் வந்து பலகை முன்னால் நின்றான். தவறிப்போன குறியை அவனே துடைப்பதுதான் வழக்கம். ஈரத்துணியை நீட்டினேன், அவன் வாங்கவில்லை.

“ஒவ்வொரு நாளும் வேலியாண்ட நின்னு பார்த்தேன்க்கா,” என்றான். “அவன் போறதைத்தான் பார்த்தேன். இவ வந்ததைப் பார்க்கவே இல்ல.”

நானும் ஜன்னலில் நின்று தினமும் பார்த்தவள்தான். துணியை மடித்து வைத்துவிட்டேன். வெளியே ஜோசி தெருவில் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தாள். ரேண்டி அவளுடைய ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.