அல்பிரட் துரையின் ஐரோப்பா

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் அல்பிரட்டை எல்லாரும் துரை என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். அது நக்கல் என்பது கூப்பிட்டவர்களுக்குத் தெரியும், அவருடைய மனைவி கிறிஸ்டினுக்கும் தெரியும். அதை அவருக்கு எடுத்துச் சொல்லும் வேலையை அவள் கலியாணம் முடித்த இரண்டாம் வருடமே கைவிட்டுவிட்டாள்.

துறைமுகத்துக்குள் இங்கிலிஷ்காரரின் கடற்படை இருந்த காலத்தில், அதிகாரிகளின் சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறுகிற வேலை அல்பிரட்டுக்கு. வெள்ளை உடுப்பு, பித்தளைப் பொத்தான், வெள்ளைக் கையுறை. பதினைந்து வருடமாகக் கதிரைகளுக்குப் பின்னால் நின்று, துரைமார் சூப்பை எப்படிக் குடிக்கிறார்கள், எந்தக் கதைக்கு எவ்வளவு சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்கு முன்னால் இருந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. ஐம்பத்தேழாம் ஆண்டில் அவர்கள் கொடியை இறக்கிக்கொண்டு கப்பலேறியபோது ஊர்ச்சனம் அவருக்கு வேலை போய்விட்டதே என்று அனுதாபப்பட்டது. அவர் வேலையைப் பற்றிக் கவலைப்படவில்லை. திருகோணமலையின் தரம் போய்விட்டது என்று கவலைப்பட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு எந்த வேலையும் தங்கவில்லை. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குக் காவல் இருக்கப் போனவர், மேற்பார்வையாளர் கடதாசியில் சுற்றிய சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறார் என்று சொல்லி விட்டுவிட்டு வந்தார். பட்டணத்தில் ஒரு கடையில் நின்றபோது, வாடிக்கையாளரின் சப்பாத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவார். முக்கால்வாசிப் பேர் சப்பாத்தே போடாத ஊரில் அது எத்தனை நாளைக்கு ஓடும். கிறிஸ்டின் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டை தைத்தாள், பெருநாட்களுக்குக் கேக் அடித்து விற்றாள், இரண்டு மகள்மாரையும் கரையேற்றினாள். மருமக்கள் வந்த அன்று மாமனார் அவர்களுக்குச் சொன்ன ஒரே புத்திமதி, கோப்பையைத் தூக்கும்போது சுண்டுவிரலை நீட்டக்கூடாது என்பதுதான்.

மகள்மார் மன்னாருக்கும் சிலாபத்துக்கும் போனபின் வீட்டில் இரண்டு அறை சும்மா கிடந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் உப்புவெளிக் கடற்கரைக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகில் மூட்டையோடு வரத் தொடங்கியிருந்தார்கள். கிறிஸ்டின் அறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டு, வேலியில் ஒரு பலகையும் தொங்கவிட்டாள். சமையல் அவள், துவைப்பு அவள். சாப்பாட்டு மேசையை மட்டும் அல்பிரட் பிடித்துக்கொண்டார்.

வந்தவர்களில் அமெரிக்கர் கொஞ்சப் பேர். அல்பிரட்டுக்கு அமெரிக்கரை ஆகாது. அதுவும் சொந்த வெறுப்பு அல்ல, இரவல் வெறுப்பு. யுத்த காலத்தில் அமெரிக்கக் கப்பல் வந்து போனபின் துரைமார் மேசையில் என்னென்ன சொல்லிச் சிரித்தார்களோ, அதையே முப்பது வருடம் கழித்து அவர் உப்புவெளியில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தார். யாராவது அமெரிக்கர் இங்கேயிருந்து ஐரோப்பாவுக்குப் போகப்போகிறோம் என்று வாய் திறந்தால் போதும். மணிக்கட்டில் ஒரு வெள்ளைத் துவாயைப் போட்டுக்கொண்டு கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பார்.

"நீங்கள் இறைச்சி முழுவதையும் முதலிலேயே வெட்டிவிட்டு, கத்தியை வைத்துவிட்டு, முள்ளுக்கரண்டியை வலது கைக்கு மாற்றுகிறீர்கள்," என்று இங்கிலிஷில் தொடங்குவார். "ஐரோப்பாவில் அப்படி ஐந்து வயதுக் குழந்தைக்குத்தான் வெட்டிக்கொடுப்பார்கள்."

பிறகு நிற்காது. தண்ணீரில் ஐஸ் கேட்கக்கூடாது. ரெயிலில் பக்கத்தில் இருப்பவரோடு பேச்சுக் கொடுக்கக்கூடாது. முதற்பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. ஒருவருக்கு என்ன வருமானம் என்று கேட்டால் அந்த வீட்டு வாசலை மறந்துவிடவேண்டியதுதான். பிரெஞ்சுக்காரர் கைகொடுத்தால் பிறகு கையைக் கழுவுங்கள். இத்தாலிக்காரர் சிரித்தால் சட்டைப்பையைத் தடவிப் பாருங்கள். ஜேர்மன்காரரைப் பற்றி மண்டபத்தில் யாரும் நல்லதாகக் கதைக்காதபடியால், அவர்களோடு பேசாமல் இருப்பதே நல்லது என்று முடித்துவிடுவார்.

கிறிஸ்டின் குசினிக்குள் நின்று இதையெல்லாம் கேட்பாள். மனுசன் கடல் தாண்டிப் போனது என்றால் குடாவுக்கு அக்கரையில் இருக்கிற கிண்ணியாவுக்கு, அதுவும் தோணியில். கொழும்பை இரண்டு முறை கண்டிருக்கிறார். ஒரு முறை பல்லுப் பிடுங்க.

மீன் கொண்டுவரும் முத்தலிப் காக்காவும் ஒரு நாள் வேலியோரம் நின்று கேட்டுவிட்டார். "துரை எந்த ஊரைப் பத்திக் கதைக்கிறார், தங்கச்சி?"

"ஐரோப்பாவாம், காக்கா."

"அவர் அங்கே எப்ப போனவர்?"

"போனால் இப்படிக் கதைக்க ஏலாது. போகாதபடியால்தான் கதைக்கிறார்."

எழுபத்துநாலில் ஹொப்பர் என்று ஒரு அமெரிக்கத் தம்பதி வந்து தங்கியது. இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். மகன் கொழும்பில் ஏதோ உத்தியோகம். அவனைப் பார்த்துவிட்டு, திரும்புகிற வழியில் இங்கிலாந்து, பிரான்ஸ் எல்லாம் சுற்றிப் போக இருந்தார்கள். அப்பத்துக்கு இங்கிலிஷில் என்ன சொல்வார்களோ அதுதான் அவர்களுடைய பேர் என்பதில் கிறிஸ்டினுக்கு ஒரு சந்தோசம். அவர்களுக்குப் பின்னேரத்தில் அப்பமே சுட்டுக் கொடுத்தாள்.

மற்ற அமெரிக்கர் அல்பிரட்டின் பேச்சைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஹொப்பர் அம்மா அப்படியல்ல. ஒஹாயோவில் ஏதோ சிற்றூரைவிட்டு முன்பு வெளிக்கிடாத மனுசி. ஐரோப்பா என்றதும் பயந்துபோயிருந்தாள். அல்பிரட் சொல்வதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினாள். "பார்த்தாயா ஹவர்ட், கையுறை போடவேண்டுமாம்," என்று கணவனைத் திட்டினாள். ஹவர்ட் ஹொப்பர் இடது கையால் முள்ளுக்கரண்டி பிடித்துப் பழகியதில் பட்டாணிக்கடலை மேசையெல்லாம் உருண்டது. கிறிஸ்டின்தான் கூட்டினாள்.

இப்படி ஒரு மாணவி கிடைத்ததும் அல்பிரட்டுக்குத் தலை கால் தெரியவில்லை. தன்னுடைய பழைய அதிகாரி கொமாண்டர் தோர்ன்லியின் விலாசத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த மனுசன் இங்கிலாந்துக்குத் திரும்பிய அந்த வருடமே நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அனுப்பியிருந்தார். மண்டபத்தில் வேலை செய்த எல்லாருக்கும் அதே வாழ்த்து வந்தது என்பது கிறிஸ்டினுக்குத் தெரியும்.

"நாலு மணிக்கு முன்னம் போகவேண்டாம்," என்றார் அல்பிரட். "மணியை ஒருமுறைதான் அடிக்கவேண்டும். வேலையாள் வந்து திறப்பான். உங்கள் பேரை அவனிடம் சொல்லுங்கள், கொமாண்டரிடம் நேரே சொல்லக்கூடாது. நீங்கள் தொப்பி, கையுறை. மிஸ்டர் ஹொப்பர் கழுத்துப்பட்டி. தேநீர் குடித்ததும் எழும்பிவிடவேண்டும். திருகோணமலையில் இருந்து அல்பிரட் அனுப்பினார் என்று சொல்லுங்கள், அது போதும்."

கொமாண்டருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பொதி முந்திரிப்பருப்பும் கட்டினார். அதைக் கிறிஸ்டின் மகள் வீட்டுக்கு அனுப்ப உடைத்து வைத்திருந்தாள்.

அடுத்த வருடம் சித்திரை கழிந்து ஹொப்பர் தம்பதி திரும்பவும் வந்தார்கள். மகனுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. அல்பிரட் பெட்டியை இறக்கிவைக்கக்கூட விடவில்லை.

"கொமாண்டர் சுகமா?"

ஹவர்ட் ஹொப்பர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். மனைவி அவருடைய கையைப் பிடித்தாள். "நல்ல சுகம், அல்பிரட். உங்களை மிகவும் விசாரித்தார்."

அல்பிரட் அன்றைக்கே துவாயோடு தெருவில் இறங்கிவிட்டார். மாதா கோயில் வாசலிலும், சந்தையிலும், பஸ் நிற்கிற இடத்திலும் கொமாண்டர் தன்னை விசாரித்த கதை ஓடியது. சந்தையில் சொன்னபோது விசாரித்தது மட்டும்தான். பஸ் தரிப்பிடத்துக்கு வரும்போது கொமாண்டரின் கண் கலங்கியிருந்தது.

உண்மை குசினியில் வெளிவந்தது. மறுநாள் ஹொப்பர் அம்மா தேங்காய் துருவப் பார்க்கவேண்டும் என்று உள்ளே வந்து குந்தினாள். சும்மா இருக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கிறிஸ்டின் கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலிஷ் படித்தவள், ஒரு சொல்லும் தவறவில்லை. கேட்டுவிட்டு, "அவருக்குச் சொல்லாதேயுங்கோ, பாவம்," என்று அந்த மனுசியிடம் கேட்டுக்கொண்டாள். இரண்டு நாள் அந்த நல்ல மனம் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் சோறு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. அல்பிரட் பீங்கானைத் தள்ளிவைத்தார்.

"தோர்ன்லி துரை வீட்டிலை இப்பிடி ஒரு சாப்பாடு மேசைக்கு வராது, கிறிஸ்டின்."

கிறிஸ்டின் அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். விருந்தாளிகள் கடலுக்குப் போயிருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ, தோர்ன்லி துரை வீட்டிலை மேசையே இல்லை. மனுசன் பீங்கானை மடியிலை வைச்சு, டெலிவிசனைப் பார்த்துக்கொண்டு, பாண் துண்டிலை தகரத்திலை அடைச்ச அவரையை ஊத்திச் சாப்பிட்டவராம். முள்ளுக்கரண்டி வலது கையிலை."

"ஆர் சொன்னது?"

"கையுறை போட்டுக்கொண்டு போனவதான் சொன்னவ. வேலையாளும் இல்லை, ஒருத்தரும் இல்லை. முழங்கை ஓட்டையான கம்பளிச் சட்டையோட அவர்தான் கதவைத் திறந்தவர். தொப்பியும் கழுத்துப்பட்டியுமா ரெண்டு பேர் நிக்கிறதைப் பார்த்து, வேதம் பரப்ப வந்த ஆக்கள் எண்டு நினைச்சுக் கதவைச் சாத்திப்போட்டார். நீங்கள்தானே ஒருக்காத்தான் மணி அடிக்கவேணும் எண்டனீங்கள். அதுகள் ரெண்டாம் முறை அடிக்கப் பயந்து, தெருவிலை நிண்டிருக்குதுகள், மழைக்குள்ளை."

அல்பிரட் தள்ளிவைத்த பீங்கானை நேராக்கினார்.

"பிறகு பக்கத்து வீட்டுக்காரிதான் கூட்டிக்கொண்டு போய் விட்டவ. உள்ளை போய் இருந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ஹொப்பருக்குப் பென்சன் எவ்வளவு வருகுது எண்டு."

"என்னைப் பத்தி?"

கிறிஸ்டின் அதில் நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு நிறுத்த மனம் வரவில்லை. இத்தனை வருடம் சட்டை தைத்த கை, அடிப்பிடித்த சோற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றது.

"எந்த அல்பிரட் எண்டவராம். திருகோணமலை சரியான புழுக்கம், அங்கத்தை வேலைக்காரப் பெடியள் ஜின் களவெடுக்கிறவங்கள், அவ்வளவுதான் ஞாபகம் எண்டவராம். முந்திரிப்பருப்பை மட்டும் நல்லாச் சாப்பிட்டவராம்."

அல்பிரட் எழும்பி, கதிரையை மேசைக்குள் சரியாகத் தள்ளி வைத்துவிட்டு, கடற்கரைப் பக்கம் போனார்.

அதற்குப் பிறகு அவர் மேசைக்கு வரவில்லை. ஹொப்பர் தம்பதி கேட்டபோது வயிறு சரியில்லை என்று கிறிஸ்டின் சொன்னாள். அந்த நாட்களில் விருந்தாளிகள் நண்டைக் கையால் உடைத்து உறிஞ்சினார்கள். ஹவர்ட் ஹொப்பர் இறைச்சியை முழுவதும் ஒரேயடியாக வெட்டிப்போட்டு வலது கையால் நிம்மதியாகச் சாப்பிட்டார். வீடு அமைதியாக இருந்தது. அல்பிரட் பகலில் வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, வந்து சாப்பிட்டுப் படுத்தார். சொன்னது கொஞ்சம் கூடிப்போயிற்றோ என்று கிறிஸ்டினுக்கு ஒரு எண்ணம் வந்தது. அதற்காக மன்னிப்புக் கேட்கும் எண்ணம் மட்டும் வரவில்லை. ஒரு நாள் அவருக்குப் பிடித்த பால்சொதி வைத்தாள். அவர் குடித்தார். சுவை எப்படி என்று சொல்லவில்லை. முப்பதாண்டுப் பழக்கத்தில் அவர் ஒரு குறை சொல்லாமல் குடித்த முதல் சொதி அது.

ஹொப்பர் தம்பதி கொழும்புக்குத் திரும்பினார்கள். அடுத்த கிழமை ஒரு இளம் சோடி வந்து இறங்கியது. அமெரிக்கர், இரண்டு பேருக்கும் தலைமயிர் ஒரே நீளம். பெடியன் முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, இங்கேயிருந்து கிரேக்கம், பிறகு பாரிஸ், பிறகு லண்டன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அறைக் கதவு திறந்தது. அல்பிரட் தலையை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, துவாயோடு வந்து பெடியனின் கதிரைக்குப் பின்னால் நின்றார். கிறிஸ்டின் கறிச்சட்டியோடு குசினி வாசலில் நின்றுவிட்டாள்.

"லண்டனுக்கா?" என்று கேட்டார். "எதற்கு?"

"பார்க்கத்தான்."

"அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் இப்போது ஒருவருக்கும் சாப்பிடத் தெரியாது. மடியில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். வந்தவரிடம் முதற்கேள்வியாக வருமானத்தைக் கேட்கிறார்கள். எனக்கு நேரடியான தகவல் இருக்கிறது."

பெடியன் சிரித்தான். பெட்டை சிரிக்கவில்லை. "எப்போதும் அப்படியா?" என்று கேட்டாள்.

"என் காலத்தில் நல்லவர்கள் இருந்தார்கள். ஆனால் தோர்ன்லி என்று ஒரு கொமாண்டர் இருந்தார். அந்த மனிதர் சூப் குடிக்கும்போதே எனக்குச் சந்தேகம். அவருக்குப் பின்னால் நின்று நான் எத்தனை நாள் வெட்கப்பட்டிருக்கிறேன்." குனிந்து, பெடியனின் முழங்கைகளை இரண்டு விரலால் மேசையிலிருந்து மெல்லத் தூக்கி விட்டார். "நீங்கள் ஐரோப்பாவில் ஒன்றும் கற்றுக்கொள்ளப் போகவேண்டாம். இங்கே பழகிக்கொள்ளுங்கள். அங்கே போய் அவர்களுக்குச் செய்து காட்டுங்கள்."

கிறிஸ்டின் சட்டியை மேசையில் வைத்தாள். அல்பிரட் அவளைப் பாராமல், அதை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு நகர்த்தினார்.

காலையில் முத்தலிப் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுப் பாரை மீனை எடுத்து நீட்டினார். "துரைக்கு வருத்தம் எண்டாங்க. இப்ப எப்பிடி?"

"ஓம் காக்கா, சுகம் வந்திட்டுது," என்றாள் கிறிஸ்டின். "இங்கிலிஷ்காரரையும் வேலையிலை இருந்து நிப்பாட்டிப்போட்டார்."

மீனின் செவுளை விரித்துப் பார்த்தாள். நல்ல சிவப்பு. இரண்டு பாரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மேசையில் அவர் அந்தப் பெட்டைக்குத் தேநீர்க் கோப்பையை எப்படிப் பிடிப்பது என்று தொடங்கியிருந்தார்.