மகளின் பாட்டில் ஓர் இரைச்சல்

மகள் அனுப்பிய லிங்க் காலை எட்டு மணிக்கு வந்தது. நான் அப்போது சிங்கவரத்தில் ஒரு காதுகுத்துக்குக் கட்டியிருந்த ஸ்பீக்கர் பாக்ஸ்களை அவிழ்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். லிங்குக்குக் கீழே ஒரு வரி: "கேட்டுட்டு சொல்லு நைனா. சும்மா நல்லா இருக்குதுன்னு சொல்லாத."

அவர்கள் குழுவில் இரண்டே பேர். என் மகள், காலேஜ் ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறையில் இருந்த பெண். மகள் கீபோர்டும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொள்வாள், அந்தப் பெண் பாடுவாள். முப்பத்தைந்து நாற்பது வருஷத்துக்கு முன்னால் எல்லாப் பாட்டிலும் வந்துகொண்டிருந்த எலெக்ட்ரானிக் டிரம்மும் எதிரொலியும் அவர்களுக்குப் பைத்தியம். அந்தக் காலத்தில் இரண்டு பேருமே பிறக்கவில்லை. ஒன்றரை வருஷமாக ஒரு அறைக்குள் உட்கார்ந்து ஒன்பது பாட்டு செய்து, ஒரு ஆல்பமாக அன்றைக்கு வெளியிட்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சென்னையில் ஒரு சின்ன அரங்கத்தில் முதல் மேடை. அதற்கு இன்னும் இரண்டே நாள்.

இதற்காக மகள் கம்பெனி வேலையை விட்டிருந்தாள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்ட மறுநாளே ஒரு மைக் செட் கடையில் ஒயர் சுற்றப் போய்விட்டேன், எனக்குப் போக ஒரு இடம் இருந்தது. அவள் வேலையை விட்டபோது, எங்கே போவாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. சொந்தக்காரர்களிடம் "லீவுல இருக்குது" என்று சொல்லி வைத்தேன். ஒன்றரை வருஷ லீவு. இந்த ஆல்பம் சரியாக வந்தால்தான் அந்த லீவுக்கு ஒரு அர்த்தம் என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டிருந்தேன்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் வருவதை நான் சத்தம் என்று எடுத்துக்கொள்வதில்லை. வீட்டின் முன்னறைதான் என் கடை. வாசலில் இரண்டு பாக்ஸை நிறுத்தி, புது ஆம்ப்ளிஃபயரில் போனைச் சொருகினேன். சொருகியதும் கை நின்றுவிட்டது. மைக் செட்டில் முதல் பாட்டு பிள்ளையார் பாட்டுதான். ஒரே ஒரு முறை பனமலையில் அவசரத்தில் மறந்தேன். அரை மணி நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மகள் விஷயத்தில் அந்த வம்பு வேண்டாம் என்று முதலில் பிள்ளையார் பாட்டைப் போட்டேன்.

அது முடிவதற்குள் பக்கத்து வீட்டு அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார்.

"பொண்ணுக்கு முடிச்சிட்டீங்களா? சொல்லவே இல்லியே. மாப்ள எந்த ஊரு?"

என் மனைவி உள்ளே இருந்தே பதில் சொன்னாள். "மாப்ளயும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. அவரு பாட்டு கேக்கறாரு."

"பாட்டு கேக்கறதுக்கு ரெண்டு பாக்ஸா?"

"அவரு செய்தி கேக்கறதுக்கே ரெண்டு பாக்ஸு வெப்பாரு."

முதல் பாட்டு ஆரம்பித்தது. மைக் செட்டுக்காரன் பாக்ஸ் பக்கத்தில் நின்று கேட்க மாட்டான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படிக் கேட்கிறது என்பதுதான் அவன் கவலை. நான் தெருக்கோடியில் இருக்கும் குழாயடி வரைக்கும் நடந்து போய், ராஜகிரி மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

டிரம் தகர டப்பாவில் மழை விழுவது மாதிரி. அதன் மேல் கீபோர்டு, சொட்டுச் சொட்டாக. பிறகு அந்தப் பெண்ணின் குரல், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துப் பாடுவதுபோல ஒரு தடவை போய் ஒரு தடவை திரும்பி வந்தது. வார்த்தைகள் இன்றைய வார்த்தைகள். பஸ்ஸை விட்டவள், சார்ஜ் இல்லாத போன், பதில் போடாத ஒருத்தன். சத்தம் மட்டும் நான் மீசை முளைக்கக் காத்திருந்த காலத்துச் சத்தம். என் கால் தானாகத் தாளம் போட்டது. எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே தலையை ஆட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முன்னால் இருந்த அந்த இடைவெளியில் கேட்டேன்.

ம்ம்ம்ம்.

மற்றவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. என் தொழிலில் அது பாம்பு. கல்யாண வீட்டில் ஐயர் மந்திரத்தை நிறுத்தும்போது அது கேட்டால் கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும். ஓடி வந்தேன். எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். போகவில்லை. போனிலிருந்து வரும் ஒயரை மாற்றினேன். போகவில்லை. பிளக்கைத் திருப்பிச் சொருகினேன், வேறு பாக்ஸ் வைத்தேன். ம்ம்ம் அப்படியே இருந்தது.

புது ஆம்ப்ளிஃபயர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பழையதை எடுத்தேன். அது நான் சொந்தமாக மைக் செட் வைத்தபோது முதன்முதலில் வாங்கியது. மகள் அதைச் சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தாள். மேடையில் அழகுக்கு வைக்கப்போகிறார்கள் என்று நினைத்துத் துடைத்து வைத்திருந்தேன். அதற்கும் ஒரு இரைச்சல் உண்டு, பல வருஷமாக. உள்ளே இரைச்சலை வடிகட்டும் கண்டன்சர் உப்பியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும், நேரம்தான் இல்லை. இப்போது திறந்து, பழையதைக் கழற்றிப் புதுக் கண்டன்சர் வைத்துப் பற்றவைத்தேன். ஆன் செய்தால் குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. இதை எப்போதோ செய்திருக்கலாம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டு, மகளின் பாட்டைப் போட்டேன்.

ம்ம்ம்ம்.

கடைசியாக மனைவியின் இயர்போனைப் போனில் சொருகிக் காதில் வைத்தேன். அதிலும் இருந்தது. அப்படியானால் என் ஒயரில் இல்லை, எர்த்தில் இல்லை, ஆம்ப்ளிஃபயரில் இல்லை. பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒன்பது பாட்டிலும். மைக் செட்டுக்காரன் மகள், ஒன்றரை வருஷ உழைப்பு, உள்ளே எர்த் கோளாறு. ஊரெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சொன்னால் மேடைக்கு இரண்டு நாள் முன்னால் பிள்ளையின் மனசு உடையும். சொல்லாவிட்டால் வேறு எவனாவது சொல்வான். வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன்.

"போன் பண்ணி சொல்லிடுங்க," என்றாள் மனைவி. "நீங்க இன்னும் பத்து நிமிஷம் இப்படி நடந்தா எனக்கு பிபி ஏறிடும்."

மகள் முதல் மணியிலேயே எடுத்தாள். "கேட்டியா நைனா?"

"கேட்டேன். பாட்டெல்லாம் நல்லாதான் இருக்குது."

"ஆனா?"

"ஆனான்னு நான் சொல்லலியே."

"நீ சொல்லல, உன் குரல் சொல்லுது. இன்னா?"

"அடியில ஒரு ம்ம்ம்னு சத்தம் வருதும்மா. எர்த் சரியில்லாத இடத்துல ரெக்கார்டு பண்ணிட்டீங்களோ?"

அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரித்தார்கள். பாடுகிற பெண் போனை வாங்கினாள். "அப்பா, என்னை தோக்கடிச்சிட்டீங்க. ரெண்டாவது பாட்டுக்குள்ள நைனா கண்டுபிடிச்சிடுவாருன்னு இவ பெட்டு கட்டினா."

"மொத பாட்டுலயே கண்டுபிடிச்சேன்மா," என்றேன். எதற்குப் பெருமைப்படுகிறேன் என்றே தெரியாமல்.

மகள் சொன்னாள்: "அது கோளாறு இல்ல நைனா. நம்ம பழைய ஆம்ப்ளிஃபயர். பொங்கலுக்கு நாங்க வந்தப்போ நீ கோயில்ல செட்டு கட்டப் போயிட்ட இல்ல, அப்ப ரெக்கார்டு பண்ணோம். ஒம்போது பாட்டுக்கும் அடியில அதான் ஓடுது. கீபோர்டையே அதோட சுருதிக்கு இறக்கி வெச்சிருக்கோம். சின்ன வயசுல அந்த சத்தம் கேட்டாதான் நீ கடையில இருக்கறன்னு எனக்குத் தெரியும். சனிக்கிழமை மேடையில மொதல்ல அதைத்தான் ஆன் பண்ணப் போறோம். அப்புறம்தான் பாட்டு."

நான் பெஞ்சின் மேல் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நைனா? லைன்ல இருக்கறியா?"

"கண்டன்சர் மாத்திட்டேன்."

"இன்னாது?"

"இப்பதான் மாத்தினேன். சுத்தமா இருக்குது. ஒரு சத்தம் இல்ல."

"இத்தன வருஷமா மாத்தாதவன் இன்னிக்குத்தான் மாத்தணுமா நைனா?"

"அதான் ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கீங்களே. அதையே மேடையில போட்டா ஆகாதா?"

"கெட்டி மேளத்தை போன்ல போட்டு தாலி கட்டுவாங்களா?"

நான் அப்படி எத்தனையோ கல்யாணத்துக்குப் போட்டிருக்கிறேன். அதைச் சொல்லும் நேரம் அது இல்லை.

பழைய கண்டன்சரைத் தேடினேன். பெஞ்சின் மேல் இல்லை, கீழேயும் இல்லை. தெருவில் பேரூராட்சிக் குப்பை வண்டியின் பாட்டு தேய்ந்துகொண்டே போனது.

"பெருக்கினியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"பெருக்கினேன். உங்க குப்பைய நான் என்னிக்கு குப்பையில போட்டேன்? டப்பாவுல இருக்குது."

பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தால் திருகாணிகளுக்கு நடுவே அதே அளவில், அதே நீல நிறத்தில் ஐந்து உப்பிய கண்டன்சர்கள். மைக் செட்டுக்காரன் எதையும் தூக்கிப் போட மாட்டான் என்பது அன்றைக்குத்தான் எனக்கே உபயோகப்பட்டது, அன்றைக்குத்தான் இடைஞ்சலாகவும் இருந்தது. ஒவ்வொன்றாகப் பற்றவைத்து ஆன் செய்து, போனைப் பாக்ஸ் பக்கத்தில் பிடித்தேன்.

முதலாவது கர்ர்ர் என்றது. "இல்ல நைனா, இது அரிசி மில்லு." இரண்டாவதில் சத்தமே இல்லை. மூன்றாவதைக் கேட்டு இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். "கிட்ட வந்துட்ட. ஆனா அது இன்னும் கொஞ்சம் குண்டா இருக்கும்." முப்பது வருஷமாக எந்தச் சத்தம் வரக்கூடாது என்று பாடுபட்டேனோ அது வரவேண்டும் என்று, நான்காவதை வைத்துவிட்டுப் பிள்ளையாரை நினைத்து சுவிட்சைப் போட்டேன்.

ம்ம்ம்ம்.

"அதான்!" என்று இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

டீக்கடைக்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து கையைக் காட்டினார். "அண்ணே, இரையுது பாருங்க."

"இரையட்டும்பா," என்றேன்.

பிறகு மறுபடியும் குழாயடியில் போய் நின்று ஒன்பது பாட்டையும் முழுசாகக் கேட்டேன். மகளுக்குப் போன் செய்து, ஏழாவதுதான் எனக்குப் பிடித்தது, மூன்றாவதில் டிரம் கொஞ்சம் அதிகம் என்றேன். சும்மா சொல்லவில்லை என்று அவள் நம்பினாள்.

சனிக்கிழமை ஆம்ப்ளிஃபயரைப் போர்வையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். திண்டிவனம் தாண்டும் வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் எனக்கு பயம், குலுக்கலில் கோளாறு சரியாகிவிடுமோ என்று. அரங்கத்தில் நான் கடைசி வரிசையில் நின்றுகொண்டேன். மகள் மேடைக்கு வந்து, கூட்டத்தைப் பார்க்காமல் நேராக அதன் பக்கம் போய், சுவிட்சைப் போட்டாள்.

கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.