கெம்பம்மாவின் அரளி வேலி

18-7-1953: செவ்வரளிக் குச்சி 160. ரூ. 1-4-0.
2-6-1954: கோயிலுக்குப் பூ, முதல் விற்பனை. ரூ. 0-3-0.
11-8-1956: பக்கத்து நிலக்காரரின் செவலைக் காளை ஒன்று சாவு. மதிப்பு ரூ. 180-0-0.

ஜவளகிரிக் கெம்பம்மாவுக்குக் காட்டோரம் அரை ஏக்கர் கேழ்வரகுக் கொல்லை. பக்கத்து நிலக்காரர் வெங்கடப்ப கவுடரின் மாடுகள் குட்டைக்குப் போகிற வழியில் பாதிப் பயிரை மேய்ந்துவிடும். கேட்டால், "மாட்டுக்கு எல்லைக்கல்லு படிக்கத் தெரியுமா?" என்பார்.

ஆடி மழையில் முழநீளக் குச்சிகளை, அடியிலையைக் கிள்ளி, எல்லையோரம் இரண்டடிக்கு ஒன்றாக நட்டாள். அரளிப் பால் விஷம்; அது பட்ட கையைக் கழுவாமல் சோறு தொடமாட்டாள். மூன்று வருஷத்தில் செடி ஆள் உயரம் வந்தது. தண்ணீர் கேட்கவில்லை. மாடுகள் மோந்துவிட்டுத் திரும்பின.

"உன் அரை ஏக்கருக்குக் கோட்டையா, கெம்பி?"

"ஆமாங் கவுடரே. உங்க மாட்டுக்குப் புத்தி உங்களாட்டமே இருந்தா வேற என்ன பண்றது?"

வேலி பொது வழியில் நிற்கிறது, பிடுங்க வேண்டும் என்று கவுடர் ஓசூர் தாலுகா ஆபீசுக்கு மனுப் போட்டார். வேலி போனால் கெம்பம்மாவுக்குக் கேழ்வரகும் போயிற்று.

விசாரணை வரை அவருக்குப் பொறுக்கவில்லை. 8-8-1956 அன்று அவள் சந்தைக்குப் போயிருந்தபோது, ஆள்காரன் திம்மப்பனை விட்டு வேலியை முழங்கால் உயரத்துக்கு வெட்டவைத்தார். மாடு தொடாத தழைதானே என்று வெட்டிய கிளைகளைத் தம் மாட்டுப்பட்டி வேலியின் சந்துகளில் அடைத்தார்.

கெம்பம்மா பட்டிக்கே வந்தாள். "அத எடுத்துருங்க. பச்சையில தொடாது. வாடினா தின்னுப்புடும்."

"வயித்தெரிச்சல்ல பேசற. எனக்கே மாடு வளக்கச் சொல்லித் தர்றியா?"

"எனக்கென்ன. உங்க மாடு, உங்க பட்டி."

மறுபடி சொல்லவில்லை. வெட்டி மூன்று நாள் கழித்துக் காலையில் காளை செத்துக் கிடந்தது. வாயில் வாடிய அரளி இலை.

கெம்பம்மா விஷம் வைத்தாள் என்று இரண்டாவது மனு. அதிகாரி வந்து விசாரித்தார்.

"வெட்டினது யாரு, அடைச்சது யாரு? நான் வந்து சொன்னேனே, அது மனுவுல இருக்குதா?" என்றாள்.

அதிகாரி திம்மப்பனைப் பார்த்தார். அவன் கவுடரைப் பார்க்காமல் சொன்னான்: "சொல்லுச்சுங்க சாமி. நானும் அங்கதான் நின்னுட்டிருந்தேன்."

சங்கிலி போட்டு அளந்தார்கள். வேலி அவள் எல்லைக்குள் முக்கால் அடி தள்ளியே இருந்தது.

அதற்குள் வெட்டுப்பட்ட ஒவ்வொரு தூரிலும் மூன்று நான்கு துளிர் கிளம்பி, வேலி முன்னைவிட அடர்ந்தது. கவுடர் மாடுகளைச் சுற்றுவழியில் ஓட்டினார். வேலியைக் கடக்கும்போதெல்லாம் காறித் துப்பினார். உள்ளே பூப்பறித்துக்கொண்டிருந்தவளும் துப்பினாள்.

இரண்டு மனுக்களும் தள்ளுபடி, வேலி இருக்கலாம் என்று தாலுகா ஆபீசிலிருந்து கெம்பம்மாவுக்குக் கடைசிக் கடிதம் வந்த தேதி 19-1-1957.