தலையணைக்குள் ஊசி

கட்சால் தீவிலிருந்து கப்பல் ஏறிப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு வரும் எங்கள் ஆட்கள், வீட்டுத் தலையணையையும் சுருட்டிக்கொண்டு வருவார்கள். தம்பிக்கும் அப்படித்தான் கொண்டுவந்தேன். உறை நாறியது. கழற்றி உதறியபோது நடுவிரலில் சுருக்கென்றது. பஞ்சுக்குள் ஓர் ஊசி. முனையில் காய்ந்த ரத்தம். சீ!

தம்பி போதை மருந்தை நரம்பில் ஏற்றிக்கொள்பவன். தொடையில் சீழ்க்கட்டி (கிருமியால் சதைக்குள் சீழ் சேர்வது) என்று சேர்த்திருந்தோம். வார்டில் எல்லாரும் அவனைக் கண்டு முகம் சுளிப்பார்கள். நானும்தான். அவன் உடம்பைத் துடைத்துவிட்டு முழங்கை வரை சோப்புப் போடுவேன். கூடப்பிறந்தவன் என்பதால் அருவருப்பு விட்டுப்போவதில்லை.

"ஒனக்கு வேற எடமே கெடைக்கலியாடா, பாவி?"

"டப்பாவ எடுத்துட்டுப் போய்ட்டாங்கக்கா. கீழ போட்டா கூட்டுற ஆன்ட்டிக்குக் குத்திரும். அதான் தலகாணியில சொருகுனேன்."

உண்மைதான். பழைய ஊசிகளைப் போடும் வெள்ளை டப்பாவை, இவன் அதிலிருந்து திருடுவான் என்று அப்புறப்படுத்தியிருந்தார்கள். டப்பா போனால் ஊசியும் போய்விடும் என்று நினைத்த மூளையை என்னவென்று சொல்ல! போதை நின்ற நடுக்கத்துக்கு அவன் மருந்து கேட்டபோது, "நாடக் மத் கரோ", நாடகம் ஆடாதே என்று நர்ஸ் இந்தியில் அதட்டியதும் என் காதுபடத்தான்.

விரலைப் பிழியப் போனேன். டாக்டர் தடுத்தார். "பிழியக் கூடாதும்மா. சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவுங்க. தம்பி சம்மதிச்சா அவர் ரத்தத்தையும் பாக்கணும்." உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

தம்பி மறுபேச்சில்லாமல் கையை நீட்டினான். எச்.ஐ.வி. இல்லை. ஹெபடைட்டிஸ் சி (ரத்தம் வழியே பரவி ஈரலைக் கெடுக்கும் வைரஸ்) இருந்தது. எனக்குத் தொற்றியதா என்று தெரியச் சில மாதங்கள் ஆகும் என்றார்கள்.

அந்த மாதங்களில் என் ரத்தமே எனக்கு அசிங்கமாக இருந்தது. காய் நறுக்கும்போது கீறல் விழுந்தால் முழுக் குழம்பையும் கொட்டினேன். மகளுக்குத் தனியாக நகவெட்டி வாங்கினேன். அவள் மடியில் ஏறினால் உடம்பு கூசியது.

கடைசிப் பரிசோதனையிலும் எனக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தம்பி ஈரலுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். குணமாகிவிடும் என்கிறார்கள். இப்போதெல்லாம் நாள் என்றால் எனக்கு அவன் மாத்திரை விழுங்கும் வேளைதான். நேற்று கேட்டான்:

"ஒனக்குக் குத்தாம இருந்திருந்தா எனக்கு இந்த வியாதி இருக்குறதே தெரிஞ்சிருக்காது, இல்லக்கா?"

எத்தனை முறை அந்த வார்டில் கிடந்திருக்கிறான்! அவனுக்காக ஒருத்தரும் பார்க்காத ரத்தத்தை, என் விரலுக்காகப் பார்த்தார்கள்.