தூக்கிவிட்ட மறைப்பு

வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி விமானம் ஓட்டப் பழகும்போது, ஜன்னல் தெரியாதபடி தலையில் ஒரு மறைப்பு மாட்டுவார்கள். எங்கள் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டுத்தான் ஓட்டினோம். பயிற்சியாளர் பார்த்தும் பார்க்காததுபோல் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸும் வந்துவிட்டது.

நேற்று கூடுதல் பயிற்சிக்கு சிமுலேட்டரில் உட்கார்ந்தேன். திரை முழுக்க மேகம். எட்டிப் பார்க்க எதுவுமில்லை. நேராகப் பறப்பதாக நினைத்துக்கொண்டே நாலாவது நிமிடம் தரையில் மோதினேன். அந்தக் கையெழுத்தை நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது.

ஜீவனஹள்ளி வீட்டில் அண்ணன் சிரித்தான். "லைசென்ஸ்தான் வந்தாச்சே, இன்னும் எதுக்குடா ட்ரெயினிங்?"

"அடுத்த மாசம் துபாய் போறல்ல? அந்த ஃப்ளைட்டை ஓட்டுறவனுக்கும் எங்க சார்தான் கையெழுத்துப் போட்டிருப்பாரு," என்றேன்.